ரீடச்சிங்குக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வடபழனி, திங்கள் இரவு

தமிழ்ச் சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம். நான் நடத்தும் ஆறு மாத ஒளிப்பட வகுப்புக்குத் தமிழில் கைப்புத்தகம் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். விளக்குப் பாடத்தை முதன்மை ஒளி, நிரப்பொளி, விளிம்பொளி என்று ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன். மேக்கப்புக்கு ஒப்பனை இருக்கிறது. படம் எடுத்த பிறகு கணினியில் முகத்துக்குச் செய்கிற வேலைக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'தோல் சீரமைப்பு' என்று எழுதி வகுப்பில் காட்டினேன். "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டில் செய்வாங்களே, அதுவா மேடம்?" என்று ஒரு பையன் கேட்டான். இப்போது 'மறுதீட்டல்' என்று மாற்றியிருக்கிறேன். சரியா?

கூடவே இன்னொன்று. கருவிழியில் விளக்கு விழுந்து தெரியுமே ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

தாம்பரம், செவ்வாய் காலை

அம்மா, மறுதீட்டல் வேண்டவே வேண்டாம். 'மறு' என்றால் இன்னொரு முறை என்று மட்டுமா பொருள்? முகத்து மச்சமும் மறு, நிலவின் களங்கமும் மறு. மதிக்கு இருப்பதுபோல் மாதர் முகத்தில் மறு உண்டோ என்றுதானே 1117ஆம் குறள் கேட்கிறது? ஆக, மறுதீட்டல் என்றால் இல்லாத மச்சத்தை மை தொட்டு வரைவது. மறுமணம், மறுபிறவியில் இந்தக் குழப்பம் வராது. முகத்தைப் பற்றிய சொல்லில் கட்டாயம் வரும்.

என் பரிந்துரை மறுநீக்கம். மறுவை நீக்குவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. வல்லினம் மிகுமா மிகாதா என்ற சண்டைக்கும் இடமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். மை, மால், மாசு, மாயோன், மாரி, மறு எல்லாவற்றிலும் கருமை ஓடுகிறது. இதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

பெருங்குடி, செவ்வாய் மதியம்

ஐயா, மறுவில் றகரம் எங்கிருந்து வந்தது என்று அந்தத் தனி மடலில் சொல்லிவிடுங்கள். மகரத்தில் தொடங்குவதெல்லாம் கருப்பு என்றால் மல்லிகையை என்ன செய்வது?

திருவல்லிக்கேணி, செவ்வாய் இரவு

பேரன் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் அவனுடையது. முப்பத்தைந்து வருஷம் ஸ்டூடியோவில் நெகடிவ் பார்த்தவன் நான். எங்களுக்கு இதற்கு ஒரே பேர், டச்சிங்.

நெகடிவின் மருந்துப் பக்கத்தில் டச்சிங் மருந்தைத் துளி தடவிக் காயவிட்டால்தான் பென்சில் பிடிக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி நீளமாக்கிக்கொள்ள வேண்டும். நெகடிவில் எல்லாமே தலைகீழ். கன்னத்துக் குழி அங்கே கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். அந்த இடத்தைக் குட்டிக் குட்டிக் கமாவாகப் போட்டு அடைத்தால் பிரிண்டில் குழி வெளுத்துப் பக்கத்துத் தோலோடு சேர்ந்துவிடும். அந்தக் காலத்து ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கருப்பாகக் காட்டிவிடும். லேசாகச் சிவந்த பருகூடப் படத்தில் மிளகு மாதிரி உட்கார்ந்திருக்கும். டச்சிங் பண்ணாமல் எந்தப் படத்தையும் கொடுக்க முடியாது.

முதல் நாளே முதலாளி சொன்னது: பருவை எடு, மச்சத்தைத் தொடாதே. பரு இரண்டு வாரத்தில் தானே போய்விடும். மச்சமோ பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதியிருக்கும். தாம்பரத்து ஐயா சொல்லும் மறுநீக்கம், நாங்கள் செய்யக் கூடாது என்று வைத்திருந்த வேலைக்குப் பேர் வைத்ததுபோல் இருக்கிறது.

தாம்பரம், புதன் காலை

அண்ணா சொல்வது நியாயம். அப்படியானால் பருநீக்கம்.

சாலிகிராமம், புதன் காலை

பருநீக்கமா? அது எங்கள் தெரு ஸ்கின் கிளினிக் போர்டில் இருக்கிறது ஐயா.

நான் கல்யாண மேக்கப் போடுகிறவள். இலக்கணத்தில் தலையிடவில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் படம் எடுத்த பிறகு நடப்பதையே பேசுகிறீர்கள். பாதி டச்சிங் விளக்கிலேயே முடிந்துவிடும். மூன்றடிப் பெட்டி விளக்கை முகத்துக்கு மூன்றடியில், கொஞ்சம் முன்பக்கமாக வைத்தால் கன்னம் வெண்ணெய் மாதிரி. அதையே பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் அந்த நிழலும் பாதி ஆறிவிடும்.

எனக்கு வேண்டிய சொல் வேறு. சன்ஸ்கிரீனில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. படத்தில் நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி, கழுத்து மட்டும் சொந்த நிறத்தில். மாநிறப் பெண்களுக்கு இது பளிச்சென்று தெரியும். திட்டு எனக்குத்தான் விழும். இதற்கு ஒரு பேர் வையுங்கள்.

தாம்பரம், புதன் காலை

நீறுபூத்தல்.

பெருங்குடி, புதன் காலை

அட! சரி.

வடபழனி, புதன் காலை

சேர்த்துவிட்டேன். இந்தக் குழுவில் ஒரு சொல் பத்து நிமிடத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை. இனி கேட்ட சொல்லுக்கு வரலாமா?

பெருங்குடி, புதன் மதியம்

'நீக்கம்' என்று முடிகிற எதுவும் பொருந்தாது டீச்சர். கணினியில் இந்த வேலை செய்யும் நாங்கள் படத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறோம். நிறமும் நிழலும் ஒன்றில், நுண்துளையும் மெல்லிய முடியும் இன்னொன்றில். நிற அடுக்கில் உள்ள திட்டுகளை மட்டும் சமப்படுத்துவோம், துளைகள் அப்படியே இருக்கும். பிரிக்காமல் மொத்தமாக மங்கலாக்கினால் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும். எனவே மெருகூட்டல்.

சாலிகிராமம், புதன் மதியம்

தம்பி, மெருகு போட்டால் பளபளக்கும். முகம் பளபளத்தால் எண்ணெய் வழிகிறது என்று அர்த்தம். அதை அடக்கத்தான் நான் பவுடர் டப்பாவோடு பின்னாடியே ஓடுகிறேன்.

மயிலாப்பூர், புதன் இரவு

மறு வரும் அந்தக் குறளின் அதிகாரத் தலைப்பு நலம்புனைந்துரைத்தல். சொல் அங்கேயே கிடக்கிறது, யாரும் குனிந்து எடுக்கவில்லை. முகப்புனைவு. புனைதல் என்றால் அழகுபடுத்தல், கற்பனையாகச் செய்தல், இரண்டும். பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடல்களின் உடலை மெலியவைத்தோ பருக்கவைத்தோ திருத்திய விளம்பரப் படங்களில் அதைச் சொல்லும் குறிப்பு கட்டாயம். நம் ஊரிலும் அப்படி வந்தால் 'புனைந்த படம்' என்று இரண்டே சொல்லில் போடலாம்.

வடபழனி, வியாழன் காலை

புனைவு அழகுதான் ஐயா. ஆனால் என் மாணவர்களுக்குப் புனைவு என்றால் கதை. கேள்வித்தாளில் 'முகப்புனைவின் படிநிலைகளை விளக்குக' என்று கேட்டால் சிறுகதை எழுதிக் கொடுப்பார்கள்.

நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மாவை உட்காரவைத்துப் படம் எடுத்தோம். ஒரு மாணவி தானியங்கிக் கருவியை ஓடவிட்டாள். முகம் சுத்தமாகிவிட்டது, மூக்குத்தியையும் காணவில்லை. ஒற்றைக்கல் மூக்குத்தி, விளக்கில் மின்னியதைக் கருவி பருவோடு சேர்த்து எடுத்துவிட்டது. அந்த அம்மா திரையைப் பார்த்தார், கை தானாக மூக்குக்குப் போனது. கல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார். மாணவி எடுத்ததை மீட்டு வைக்கவே அரை மணி நேரம் ஆனது.

இன்று இரவுக்குள் முடிக்க வேண்டும். 'முகத்திருத்தம்' என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'டச்சிங் என்று ஸ்டூடியோக்களில் சொல்வது' என ஒரு வரி சேர்க்கிறேன். மறுப்பு உண்டா?

பெருங்குடி: சரி.

சாலிகிராமம்: சரி. எனக்கு நீறுபூத்தல் போதும்.

மயிலாப்பூர்: சரி என்று சொல்லவில்லை. நேரமில்லை என்பது புரிகிறது.

திருவல்லிக்கேணி, வியாழன் இரவு

பிழை இருக்கும் இடத்தில்தானே திருத்தம் வரும்? அந்த அம்மா முகத்தில் என்ன பிழை இருந்தது? எனக்கு டச்சிங்கே இருக்கட்டும். தொட்டோம், விட்டோம், அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

தாம்பரம், வெள்ளி காலை

அண்ணாவை வழிமொழிகிறேன், ஆங்கிலச் சொல் நீங்கலாக. 'தொடுகை' என்று வைத்தால் என்ன? 'தீண்டல்' வேறு மாதிரி போய்விடும், வேண்டாம். அப்புறம், கண்ணில் விழும் அந்தப் புள்ளியை மறந்தே போனோமே! கண்மின்னி என்று தோன்றுகிறது. மின்மினியோடு மயங்குமா என்று பார்க்க வேண்டும். மாலை விரிவாக எழுதுகிறேன்.

வடபழனி, வெள்ளி மதியம்

ஐயா, அச்சகத்துக்குப் போய்விட்டது. 'கண்ணில் வெள்ளைப் புள்ளி' என்றே போட்டுவிட்டேன்.