மதியம் இலையா, பஃபேயா? ஆவணிக் கல்யாணம், 700 பேர், நாகர்கோவில்

பார்வதிபுரம்காரன் கேட்டது:

ஆவணியில மகளுக்குக் கல்யாணம். ஓணம் முடிஞ்ச அடுத்த வாரம். மண்டபம் நாகர்கோவில்ல, முகூர்த்தம் காலை 10:30. மதியச் சாப்பாட்டுக்கு 700 பேர், அன்னைக்கே சாயங்காலம் ரிசப்ஷனுக்கு 400 பேர்னு கணக்கு போட்டிருக்கு. ஊட்டுப்புரையில (சாப்பாட்டுக் கூடத்துல) ஒரு பந்திக்கு 180 பேர் உட்காரலாம். சம்பந்தி வீடு மார்த்தாண்டம் பக்கம், அவங்க சொந்தத்துல பாதி திருவனந்தபுரம்.

மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ரெண்டு நேரமும் பஃபே வைக்கச் சொல்லுது. எங்க வீட்டுப் பெரியவங்க இலை போடாம என்ன கல்யாணம்ங்கிறாங்க. மதியம் பாதிப் பேருக்கு இலை, பாதிப் பேருக்கு பஃபேன்னு பிரிக்கலாமான்னும் ஒரு யோசனை. சமையல்காரர் எதுன்னாலும் சரிங்கிறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆக்குப்புரை:

அண்ணாச்சி, மதியம் இலை, சாயங்காலம் பஃபே. இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம்னு சொல்லுவேன். பழக்கத்துக்காகச் சொல்லலை. எந்தக் கறி எவ்வளவு நேரம் நிக்கும்னு பாத்துச் சொல்றேன்.

நம்ம ஊர் சாப்பாட்டுல பாதிச் சாமான் காத்திருக்காது. பப்படத்தை எடுத்துக்கோங்க. பொரிச்சு மூடி வெச்சா அதோட ஆவியே அதை நமத்துப் போகவைக்கும், திறந்து வெச்சா ஆவணிச் சாரல் காத்து நமத்துப் போகவைக்கும். இலையில பருப்பும் நெய்யும் விழுற நேரத்துல வந்தாத்தான் கையில நொறுங்கும். அவியலைச் சூட்டோட மூடி, அடியில தீ எரியுற பஃபே பாத்திரத்துல வெச்சா அரை மணி நேரத்துல நீர் விட்டுரும். தயிர் திரிஞ்சு, தேங்காய் தனியா நிக்கும். முருங்கைக்காய் நார்நாராப் பிரியும், சேனை கரையும். எல்லாம் கொதிச்ச பிறகு பச்சைத் தேங்கெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு இறக்குறோமே, அந்த மணம் மூடியில போய் ஒட்டிக்கும். பால் பாயசம் இன்னும் மோசம். மேல ஆடை கட்டும், அடி பிடிக்கும், ஒரு மணி நேரத்துல கஞ்சி மாதிரி இறுகும். ரசத்துல மண்டி அடியில தங்கிரும், முதல்ல வர்றவருக்குத் தெளிவு, கடைசியில வர்றவருக்குக் கசடு.

அடுத்தது வரிசை. பருப்பு, பப்படம், நெய், அதுக்கப்புறம் சாம்பார், பாயசம், பிறகு மறுசோறு, புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி), ரசம், கடைசியில சம்பாரம் (இஞ்சி, மிளகாய் தட்டிப் போட்ட மோர்). ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வர்றதுலதான் இந்தச் சாப்பாட்டோட ருசி இருக்கு. பஃபேயில ஒரே தட்டுல பாயசம் புளிசேரியில கலக்கும், இஞ்சிக்கறி எரிசேரிக்குள்ள (தேங்காய் வறுத்துப் போட்ட கெட்டிக் கூட்டு) ஓடும். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த மண்ணு இது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சொந்தம் இந்த வரிசை தப்பினா உடனே கண்டுபிடிச்சுரும். திருவனந்தபுரத்துக்காரங்க பால் பாயசத்தைப் போளியைப் பிச்சுப் போட்டுச் சாப்பிடுவாங்க. அதனால போளியும் பால் பாயசமும் ஒரே சுற்றுல வரணும். அடைப்பிரதமன் (வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அடைப் பாயசம்) அதுக்கு முந்தின சுற்று, கூட ஒரு மட்டிப்பழம் (நம்ம ஊர்ச் சின்ன வாழைப்பழம்).

இனி நேரக் கணக்கு. பந்திக்கு 180 பேர்னா நாலு பந்தி. சாப்பிட 28 நிமிஷம், இலை எடுத்து, மேசை துடைச்சு, புது இலை போட்டு, தொடுகறி வைக்க 12 நிமிஷம். ஆக, ஒரு பந்திக்கு 40 நிமிஷம். 11:15-க்கு முதல் பந்தி உட்கார்ந்தா 2 மணிக்கு முன்னாடி நாலாவது பந்தி எழுந்திரும். பந்தி தாமதமாகுதுன்னு சொல்றவங்க சமையலைக் குறை சொல்லுவாங்க. நிஜத்துல அந்த 12 நிமிஷம்தான் 25 ஆகிறது. அதுக்குக் காரணம் விளம்ப (பரிமாற) ஆள் குறையுறது, இல்லன்னா கைகழுவுற இடம் நெருக்கமா இருக்கிறது.

30 பேர் வரிசை ஆறுன்னு வைங்க. வரிசைக்கு மூணு பேர்: சோத்துக்கு ஒருத்தர், குழம்புக்கு ஒருத்தர், தொடுகறி திரும்ப வைக்க ஒருத்தர். அது 18. தண்ணிக்கு ரெண்டு, இலை போட ரெண்டு, பாயசத்துக்குன்னு ரெண்டு. மொத்தம் 24 பேர். இதுபோக பந்தி விசாரிக்க உங்க வீட்டு ஆள் ஒருத்தர் கட்டாயம் நிக்கணும். சமையல்காரர் 14 பேரைக் கொண்டுவந்து சமாளிச்சுருவேன்னு சொல்லுவார். சம்மதிக்காதீங்க. சோறு விளம்புறவர் வரிசை முடிக்க மூணு நிமிஷத்துக்கு மேல எடுத்தா, முதல் இலைக்காரர் பருப்புக்குக் காத்து வெறும் சோத்தைப் பிசைஞ்சிட்டு இருப்பார்.

நூறு பேருக்கு அளவு: அரிசி 11 கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ. அவியலுக்கு வெட்டின காய் 8 கிலோ, தேங்காய் 8, தயிர் ஒரு லிட்டர். ரெண்டு பாயசம் உண்டுங்கிறதால பால் பாயசத்துக்குப் பால் 12 லிட்டர், பச்சரிசி ஒரு கிலோ, சீனி இரண்டேகால் கிலோ போதும். பப்படம் 100-க்கு 120 பொரிங்க, உடையுறதும் ரெண்டாவது கேக்குறதும் அதுல சரியாப் போகும். 700 பேருக்கு அரிசி 77 கிலோ வரும், அதை ஒரேயடியா வடிக்க விடாதீங்க. 20 கிலோ வீதம் பந்திக்கு ஒரு வடிப்பு, கடைசிப் பந்திக்கு ஆள் வரவைப் பாத்து மிச்சம். இப்படிச் செஞ்சா சோறும் சூடா இருக்கும், மீந்து போறதும் குறையும்.

பாதி இலை, பாதி பஃபே மட்டும் வேண்டவே வேண்டாம். யாரை எங்க அனுப்புனோம்னு கல்யாணம் முடிஞ்சு பத்து வருஷத்துக்குப் பேச்சு நிக்கும். செலவும் கூடும். ரெண்டு இடத்துக்கும் தனித்தனிக் கையிருப்பு வேணும், எந்தப் பக்கம் எத்தனை பேர் போவாங்கன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரணியல் மைனி:

மேல உள்ள அண்ணன் மதியத்தைச் சொல்லிட்டார். சாயங்கால பஃபேயைப் பத்தி நான் சொல்றேன். பெரும்பாலான ரிசப்ஷன்ல கோட்டை விடுறது அங்கதான்.

நெரிசலுக்குக் காரணம் ஆள் கூட்டம் இல்லை. வரிசையில எது மெதுவா நகருதோ அதுதான் மொத்த வரிசையோட வேகம். தோசைக்கல்லையோ ஆப்பச்சட்டியையோ வரிசைக்கு நடுவுல வெச்சீங்கன்னா பின்னாடி 60 பேர் தட்டோட நிப்பாங்க. பெரிய தோசைக்கல்லுல ஒரு ஈட்டுக்கு அஞ்சு தோசை, ரெண்டு நிமிஷம். அப்போ நிமிஷத்துக்கு ரெண்டரை. 400 பேரும் ஆளுக்கு ஒண்ணு கேட்டா 160 நிமிஷம். அதனால ரெண்டு கல் வேணும், அதுவும் வரிசையை விட்டு 15 அடி தள்ளி, தனியா. ஆப்பம் அதைவிட மெதுவு. முன்கூட்டிச் சுட்டு அடுக்கினா தோல் மாதிரி ஆயிரும். அதுக்குப் பதிலா இடியாப்பம் வைங்க. ஈரத்துணி போட்ட ஆவிப்பெட்டியில ஒரு மணி நேரம் மெத்துன்னு இருக்கும். புரோட்டா கால் மணியில விறைக்கும், துணியில சுத்தி சூட்டுப்பெட்டியில வெச்சு 30, 40 எண்ணமாத்தான் வெளிய எடுக்கணும்.

400 பேருக்கு ரெண்டு பக்கமும் எடுக்குற மாதிரி மேசை ரெண்டு போடுங்க. அப்போ நாலு ஓட்டம். ஒருத்தர் நகர 15 விநாடின்னா நாலு ஓட்டத்துல நிமிஷத்துக்கு 16 பேர், 400 பேர் எடுத்து முடிக்க 25 நிமிஷம்தான். நாலு ஓட்டத்துலயும் ஒரே சாமான் இருக்கணும். சைவம் ஒரு மேசை, அசைவம் ஒரு மேசைன்னு பிரிச்சா அசைவ மேசையில மட்டும் வால் நீளும். அசைவத்துக்கு மட்டும் தனி ஓட்டம் ரெண்டு கூட்டிக்கோங்க, கறி வைக்க ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் நிக்கட்டும். தட்டு வரிசையோட தொடக்கத்துல, ஸ்பூனும் டிஷ்யூவும் கடைசியில. முதல்லயே ஸ்பூனைக் கொடுத்தா ஒரு கை போயிரும். தண்ணியும் ஐஸ்கிரீமும் வரிசை முடியுற இடத்துல இருந்து நல்லா தள்ளி. தட்டு 400 போதாது, 500 வேணும்.

சூடு விஷயத்துல அலட்சியம் கூடாது. பாத்திரத்துக்கு அடியில ஊத்துற தண்ணி கொதிநீரா இருக்கணும். பச்சைத்தண்ணி ஊத்திட்டு அடியில ஜெல் டப்பாவைப் பத்தவெச்சா அது சூடாக முக்கால் மணி ஆகும், அதுவரை சாப்பாடு ஆறிட்டே இருக்கும். அந்தத் தீ ஆறுன சாப்பாட்டைச் சூடாக்காது, சூடான சாப்பாட்டை ஆறாமப் பாத்துக்கும், அவ்வளவுதான். சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழ இறங்கக் கூடாது. தீர்ந்து வரும்போது மிச்சத்து மேலேயே புதுசைக் கொட்டாதீங்க, பாத்திரத்தையே மாத்துங்க. சிக்கன் குழம்புல இது ரொம்ப முக்கியம்.

தட்டைக் கையில பிடிச்சு நின்னு சாப்பிட முடியாதவங்க 400-ல எப்படியும் 50 பேர் இருப்பாங்க. மண்டபத்துல ஒரு ஓரமா மேசை நாற்காலி போட்டு, ரெண்டு ஆளை விட்டு அவங்களுக்கு அங்கேயே கொண்டு கொடுக்கச் சொல்லுங்க. முட்டிவலிக்காரரை வரிசையில நிக்கவெச்சுட்டு நாம எவ்வளவு வகை வெச்சாலும் பிரயோஜனம் இல்லை.

சந்தை ரோடு:

இலையைப் பத்தி மட்டும். ஓணத்தை ஒட்டி இலையும் ஏத்தன் (நேந்திரன்) குலையும் களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போயிரும், விலை ஏறும். அடுத்த வாரமும் முழுசா இறங்கியிருக்காது. மூணு வாரம் முன்னாடியே சொல்லி முன்பணம் கொடுத்து வைங்க. 700-க்கு 780 இலை, எல்லாம் நுனி இலைன்னு எழுதி வாங்குங்க. இல்லன்னா நடுவுல ஏடு (நுனி இல்லாத துண்டு இலை) கலந்து வரும். கட்டுக்கு எத்தனைங்கிறதையும் கேட்டுக்கோங்க, ஆளுக்கு ஆள் மாறும்.

முந்தின நாள் சாயங்காலம் வெட்டினது போதும். படுக்க வெச்சு அடுக்காம, நட்டமா நிறுத்தி, ஈரச்சாக்கு போட்டு நிழல்ல வைக்கணும். காத்து பட்ட இலை நரம்போட கிழியும், கிழிஞ்ச இடத்துல ரசம் மேசைக்கு ஓடும். போடும்போது நுனி சாப்பிடுறவருக்கு இடப்பக்கம். இதை விளம்ப வர்ற பயல்களுக்குக் காலையிலேயே சொல்லணும்.

மட்டிப்பழம் 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம பழம், சம்பந்திக்கு அதைத்தான் வைக்கணும். ஆனா கனிஞ்சா சீக்கிரம் நசுங்கும். குலையாவே மண்டபத்துக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டு, அன்னைக்குக் காலையில சீப்பு பிரிங்க.

பார்வதிபுரம்காரன்:

ரொம்ப உபகாரம். முடிவாயிட்டு, மதியம் இலைதான். இன்னும் ரெண்டு சந்தேகம். கான்ட்ராக்ட் பணம் எந்தக் கணக்குல பேசுறது? மீந்தா பக்கத்துல உள்ள முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

ஆக்குப்புரை:

மதியத்துக்கு இலைக் கணக்கு, சாயங்காலத்துக்குத் தட்டுக் கணக்கு. இலைக் கட்டை உங்க ஆளும் அவங்க ஆளும் சேர்ந்து எண்ணி வாங்கணும். சாப்பாடு முடிஞ்சதும் போடாத இலையை எண்ணிக் கழிக்கணும், கிழிஞ்சு ஒதுக்கினதைத் தனியா வைக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைகளுக்கு இலை போட்டா முழுக் கணக்கா, அரைக் கணக்கா? விளம்புற ஆள், கேமராக்காரர், டிரைவர் சாப்பாடு எந்தக் கணக்குல வரும்? இதையெல்லாம் முன்பணம் கொடுக்கும்போதே தாள்ல எழுதிருங்க. தகராறு வர்றது எப்பவும் இந்த 40, 50 இலையிலதான். குறைஞ்சபட்சம் 600 இலைக்குப் பணம்னு அவர் கேப்பார், அது நியாயம்தான், சாமான் வாங்கியாச்சே. 650-க்கு மேல ஏத்த விடாதீங்க.

இரணியல் மைனி:

இல்லத்துக்குத் தாராளமாக் கொடுங்க, ஆனா எதை, எப்போங்கிறதுல கவனம் வேணும் அண்ணே. ஆக்குப்புரையில (சமையல் கூடத்துல) வார்ப்புல, அந்தப் பெரிய பாத்திரத்துல, கை படாம இருக்கிற சோறு, சாம்பார், ரசம், துவரன் (பொரியல்) போகலாம். பந்திக்கு வாளியில வந்து திரும்புனது கூடாது. அவியல், பச்சடி, புளிசேரி மாதிரி தேங்காயும் தயிரும் சேர்ந்தது கூடாது. சாயங்கால பஃபே பாத்திரத்துல இருந்தது எதுவுமே கூடாது.

மூணாவது பந்தி உட்காரும்போதே இல்லத்துக்கு போன் பண்ணி அவங்க சமையலை நிறுத்தச் சொல்லி, எத்தனை பேர்னு கேட்டுக்கோங்க. 2 மணிக்கு வண்டி கிளம்பணும். எல்லாம் முடிஞ்சு 4 மணிக்கு யோசிச்சா வேண்டாம், விட்டுருங்க. வெதுவெதுப்புல நாலஞ்சு மணி நேரம் கிடந்த சோத்துல ஒரு கிருமி நஞ்சைக் கக்கி வெச்சுரும், திரும்ப எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நம்ம வயிறு தாங்கினாலும் 80 வயசுக்காரங்க வயிறு தாங்காது. மூடியுள்ள தூக்குவாளி நாலஞ்சு வேணும்னு சமையல்காரர்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, அன்னைக்குக் கேட்டா எல்லாத்துலயும் ஏதாவது இருக்கும்.