கீழே ஓடும் அந்தக் கனத்த கம்பி: பிடித்த பழைய ஜாஸ் ஆல்பங்களும் கேட்ட கதைகளும்

எல்லாரும் அவரவருக்குப் பிடித்த பழைய ஜாஸ் ஆல்பங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறேன். வெறும் பெயர்களை எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஜாஸ் எனக்குத் தானாகப் பிடித்துப்போன இசை இல்லை, ஒருவர் சொல்லிக் கொடுத்துத்தான் காது திறந்தது. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். அறையில் கூட இருந்த அண்ணன் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார், அதாவது கனத்த கம்பிகளில் கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் கிடார், வாசிப்பவர். முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புக் கச்சேரி இருக்கும், மற்ற நாட்களில் பகல் முழுக்கத் தூங்குவார். எங்கோ படித்துவிட்டு நான் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' சிடியை வாங்கி வந்திருந்தேன். ஒரு வாரம் கேட்டேன். இதமாக இருந்தது, ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை. பாட்டு இல்லை, பல்லவி திரும்பி வரவில்லை, ஒருவர் வாசித்து முடித்ததும் அடுத்தவர் வாசிக்கிறார். அதை அவரிடம் சொன்னேன். ஹெட்போனை வாங்கி இரண்டு நிமிஷம் கேட்டவர், திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ராஜா பாட்டுல பேஸை மட்டும் தனியா எடுத்துக் கேப்பேல்ல, அதே மாதிரி கேளு. டிரம்பெட்டை விடு, சாக்ஸை விடு. பேஸ்காரர் பின்னாடியே போ. மத்தவங்கெல்லாம் தானா வந்து சேருவாங்க."

அன்றைக்கு ராத்திரி அப்படியே கேட்டேன். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் முக்கிய மெட்டை வாசிப்பதே டபுள் பேஸ்தான், நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி இருக்குமே, அது! பேஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் கேள்வி மாதிரி ஒரு வரி வாசிக்கிறார், பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது, அப்புறம் அந்தப் பதிலில் டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் சேர்ந்துகொள்கின்றன. நான் இத்தனை நாள் டிரம்பெட்டுக்காகக் காத்திருந்து அதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் தவற விட்டிருந்தேன். பேஸைப் பிடித்ததும் கணக்கும் புரிய ஆரம்பித்தது. மொத்தம் 32 ஆவர்த்தனம். முதல் 16-ம் ஒரே இடம், நம் காதுக்கு இரண்டு கட்டையில் கரகரப்பிரியா என்றே சொல்லலாம், அதே சுரங்கள்தான். அடுத்த 8-க்கு மொத்தக் குழுவும் அரைக் கட்டை மேலே ஏறி இரண்டரைக் கட்டையில் நிற்கிறது, கடைசி 8-க்கு மறுபடி கீழே இறங்குகிறது. அவ்வளவுதான். அந்த எளிமையான தரையில்தான் மைல்ஸும், சாக்ஸபோன் வாசிக்கும் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் அப்படி நடக்கிறார்கள். மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் நொடியில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி கொடுப்பார் பாருங்கள், அது விழுந்து கரைகிற நேரத்தில் கூடவே சேம்பர்ஸ் நடக்க ஆரம்பிக்கிறார். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும்.

1959 மார்ச் 2, ஏப்ரல் 22, இரண்டே நாட்களில் பதிவானது அந்த ஆல்பம். நியூயார்க்கில் 30-வது தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோவாக மாற்றி வைத்திருந்தது, அங்கேதான். உயரமான அந்தக் கூரையின் காற்று ரெக்கார்டில் கேட்கிறது என்பேன். சுருதி சுத்தம் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். முதல் நாள் பதிவின்போது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் அந்த டேப்பைப் போட்டபோது முதல் பக்கத்துப் பாட்டுகள் மூன்றும் சுருதி சற்று ஏறி, கொஞ்சம் வேகமாக ஒலித்தன. முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் அப்படித்தான் கேட்டது. 1992-க்குப் பிறகு வந்த பதிப்புகளில்தான் சரி செய்தார்கள். கூடவே தம்புரா ஆப்பை வைத்துக்கொண்டு கேட்கும் பழக்கம் இருந்தால், உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேம்பர்ஸ் 33 வயதில் போய்விட்டார். இதைப் படித்த நாளில் மனசு கனத்துப் போனது.

அதே 1959-ல், அதே ஸ்டூடியோவில், மே மாதம் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', அதற்கப்புறம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்'. இரண்டுமே வேண்டும் என்று சொல்வேன். மிங்கஸ் தானே பேஸ் வாசிப்பவர், குழுவையே அந்தக் கம்பியிலிருந்து ஓட்டுகிறார், நடுவில் உற்சாகத்தில் கத்துவதுகூடக் கேட்கும். அந்த மார்ச்சில் இறந்துபோன சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்காக அவர் எழுதிய 'குட்பை போர்க் பை ஹேட்'டை முதல்முறை தனியாக இருக்கும்போது கேளுங்கள். 'டைம் அவுட்' பற்றி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், ஐந்து எண்ணிக்கையில் போகும் 'டேக் ஃபைவ்' நம்மூர்க்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அதில் ஒன்பதை 2, 2, 2, 3 என்று பிரிக்கும் 'ப்ளூ ராண்டோ' இருக்கிறதே, அந்தத் தாளத்தை புரூபெக் கேட்டது துருக்கியில், தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம்.

சரி, எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஆல்பத்துக்கு வருகிறேன். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9, நியூஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. முதலில் ஒரு கோங் சத்தம், சாக்ஸபோனில் ஒரு அழைப்பு, பிறகு ஜிம்மி கேரிசன் பேஸில் நாலு சுரம். அந்த நாலு சுரம்தான் விதை. கோல்ட்ரேன் அதை எடுத்து 12 சுருதிகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார், கடைசியில் சாக்ஸை இறக்கிவிட்டுத் தன் குரலாலேயே ஆல்பத்தின் பெயரை அதே நாலு சுரத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாமாவளி சொல்வது போல இருக்கும். எல்லாரும் ஓய்ந்த பிறகும் பேஸ் மட்டும் நிற்காது.

நாலாவது பகுதி 'ஸாம்'. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கோல்ட்ரேன் வாசிப்பது மெட்டு இல்லை, வார்த்தைகள். ஆல்பத்தின் உறையில் அவரே எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது. அதை அசை அசையாக சாக்ஸபோனில் சொல்கிறார். இதை நான் பத்து வருஷம் தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தொட்டபடி கேட்டேன். கடவுளுக்கு நன்றி சொல்லும் இடங்களில் சாக்ஸ் இறங்கி ஆதார சுருதியில் வந்து உட்காருகிறது. தாளக்கட்டு கிடையாது, டிரம்ஸ் பின்னால் இடி மாதிரி உருண்டுகொண்டிருக்கிறது. இது விருத்தம்தானே என்று தோன்றியது. நாதஸ்வரக்காரர் சாகித்தியத்தை மனசில் பாடிக்கொண்டே ஊதும்போது நமக்கு வார்த்தை கேட்குமே, அதே மாதிரி எனக்கு அன்றைக்கு வார்த்தை கேட்டது. போதைப் பழக்கத்திலிருந்து அவர் மீண்டது 1957-ல். அந்த வருஷம் தனக்கு ஏற்பட்ட ஆன்மிக விழிப்பைச் சொல்லி, இந்த ஆல்பம் கடவுளுக்குத் தன் காணிக்கை என்று அவரே உறையில் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, கேளுங்கள்.

இன்னொரு அனுபவம். 2016-ல் வேலை விஷயமாக நியூஜெர்சி போயிருந்தபோது ஒரு திங்கட்கிழமை இரவு மன்ஹாட்டனுக்கு வண்டி பிடித்து வில்லேஜ் வான்கார்ட் போனேன். 1935-ல் தொடங்கிய ஜாஸ் கிளப் அது. தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் நிலவறைக்கு இறங்க வேண்டும். முக்கோணமான சின்ன அறை, நம்மூர்க் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் இப்படி நாலைந்து அறை அடங்கும். திங்கட்கிழமைகளில் அங்கே பெரிய குழு வாசிக்கும், 1966-லிருந்து அந்த வழக்கம் இருக்கிறது. நான் போனது அந்தக் குழுவுக்காக மட்டும் இல்லை. பியானோ கலைஞர் பில் எவன்ஸ் மூவர் குழுவின் 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்' அந்த அறையில்தான் பதிவானது, 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஆல்பத்தில் பேஸ் வாசிப்பவர் ஸ்காட் லஃபாரோ. அதுவரை பேஸ் என்றால் தாங்கிப் பிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் பியானோவோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறார், குறுக்கே கேட்கிறார், வாக்கியத்தைப் பாதியில் வாங்கி முடித்து வைக்கிறார். ஆல்பம் தொடங்குவதும் முடிவதும் அவர் எழுதிய மெட்டுகளில்தான். பதிவு முடிந்து 11-ம் நாள், ஜூலை 6, கார் விபத்தில் லஃபாரோ இறந்துவிட்டார். வயது 25. பில் எவன்ஸ் அதற்கப்புறம் பல மாதம் மேடை ஏறவில்லை.

அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டவர்களுக்குத் தெரியும், வாசிப்புக்கு நடுவே கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம், யாரோ பேசுவது, சிரிப்பு எல்லாம் விழும். முன்பெல்லாம் எனக்கு அவர்கள் மேல் கோபமாக இருக்கும், இப்படி ஒரு வாசிப்பின்போது என்ன பேச்சு என்று. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேஜையில் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். அதே சத்தம். ஒரு நிமிஷம் எனக்கு எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆல்பத்தில் டம்ளர் சத்தத்துக்காகவும் காத்திருக்கிறேன்.

*

அண்ணா, நீங்கள் பேஸ் என்று சொன்னதும் நானும் ஒன்றை மறுபடி எடுத்துப் போட்டுக் கேட்டேன், அதனால் எழுதுகிறேன். எனக்கு 'எல்லா அண்ட் லூயி'. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடியது, 1956 ஆகஸ்டில் ஹாலிவுட்டில் பதிவானது. அப்பா பிறந்த வருஷமும் 1956 தான், அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்த ரெக்கார்டை வாங்கிக் கொடுத்தேன். தஞ்சாவூரில் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய சினிமாப் பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டார். லூயியின் கரகரத்த குரல் வந்ததும், "என்னம்மா, இவருக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று உண்மையிலேயே கவலையோடு கேட்டார். ஆனால் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடும்போது பேச்சே இல்லை. பக்கம் முடிந்ததும், "இந்த அம்மா சுசீலாம்மா மாதிரி, ஒரு இடத்துலகூட சுருதி நகரலையே. திருப்பிப் போடு" என்றார். வரி ஒன்றும் புரியாது அவருக்கு. ஆனால் அந்த இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று காட்டுகிற மரியாதை புரிந்தது.

பின்னணியில் நாலே பேர்: ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிடார், பட்டி ரிச் டிரம்ஸ், ரே பிரவுன் பேஸ். பட்டி ரிச் மின்னல் வேகத்துக்குப் பேர் போனவர், இதில் பாட்டுக்கு அடங்கி எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார்! ரே பிரவுன் எல்லாவின் முன்னாள் கணவர். 1953-ல் பிரிந்துவிட்டார்கள், அப்புறமும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இது எனக்கு முன்பே தெரியும், ஆனால் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டது நேற்று ராத்திரிதான். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் மூச்சு எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் ரே பிரவுன் இருக்கிறார். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரோடு உட்கார்ந்து இப்படி ஒருதரம் கேட்டிருக்கலாம்.

*

நான் கோயம்புத்தூர். கோல்ட்ரேன் பற்றிப் பேசிவிட்டு அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனை விட்டுவிட்டீர்களே. 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. ஜான் 1967-ல் இறந்த பிறகு நாலு சின்னக் குழந்தைகளோடு தவித்த நேரத்தில் அவருக்கு ஆறுதலாக அமைந்தவர் சுவாமி சச்சிதானந்தா, அவர் பெயரில்தான் ஆல்பம். அந்த சுவாமி எங்கள் ஊர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர்ங்க! 1969-ல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவர்தான். செட்டிபாளையம் வழியாக வாரம் இரண்டு முறை பைக்கில் போகிறவன் நான், எத்தனையோ வருஷம் இது தெரியாமலே போயிருக்கிறேன். தெரிந்த அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு புளியமரத்தடியில் நின்று முதல் பாட்டை முழுசாகக் கேட்டேன். தம்புரா, அதன்மேல் பேஸ் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது, அப்புறம் ஆலிஸின் ஹார்ப் தண்ணீர் மாதிரி இறங்குகிறது, ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸ். வேறு எந்த ஆல்பமும் எனக்கு இவ்வளவு பக்கத்தில் இல்லைங்க.

*

தங்கச்சி, அப்பா "திருப்பிப் போடு" என்று சொன்னாரே, அதைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடப் போகிறேன்.

கோயம்புத்தூர் நண்பரே, செட்டிபாளையம் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், ரொம்ப நன்றி. அந்த மேன்ஷன் அண்ணன் இப்போது திருச்சியில் இருக்கிறார், சின்னப் பிள்ளைகளுக்கு கிடார் சொல்லித் தருகிறார். ஆலிஸ் கோல்ட்ரேனை அவர் கேட்டதே இல்லையாம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த முதல் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: "தம்பி, பேஸ் யாரு?"

செசில் மெக்பீ என்று அனுப்பியிருக்கிறேன்.