பார்மலினில் கிடந்த பன்றித் திசுவில் வைரஸைக் கண்டறிய இயலுமா?

கேள்வி (ஹெப்பாள் முதுநிலை மாணவி):
பெங்களூருவில் கால்நடை நோய்க்குறியியல் படிக்கிறேன். 2018இல் புறநகர்ப் பண்ணை ஒன்றில் இறந்த பன்றிகளின் மண்ணீரல், டான்சில், நிணநீர் முடிச்சு ஆகியவற்றின் பாரஃபின் கட்டிகள் (மெழுகில் பதித்த திசு) பன்னிரண்டும், அன்றிலிருந்து பார்மலினிலேயே (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) கிடக்கும் மீதித் திசு ஒரு ஜாடியும் ஆய்வேட்டுக்காகக் கிடைத்துள்ளன. ஜாடிச் சீட்டில் பேனாவால் எழுதியது கரைந்துவிட்டது. பென்சிலில் எழுதிய எண் மட்டும் தெரிகிறது. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு 400 காரஇணை (மரபணுப் பொருளின் நீளத்தை அளக்கும் அலகு) நீளத் துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். செய்தேன். ஒன்றிலும் பட்டை (துண்டு பெருகியதைக் காட்டும் கோடு) விழவில்லை. நோய் இல்லை என்று எழுதலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற நோய்க்குறியியலாளர்):
அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள், அம்மா. பார்மலின் நியூக்ளிக் அமிலத்தை (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) புரதத்தோடு பிணைத்துவிடுகிறது. நாள்பட நாள்பட அது துண்டுதுண்டாகவும் உடைகிறது. 24 முதல் 48 மணி நேரம் பதப்படுத்திப் பாரஃபினில் ஏற்றிய திசுவுக்கும், ஆண்டுக்கணக்கில் ஊறிய ஜாடித் திசுவுக்கும் இதனால்தான் அவ்வளவு வேறுபாடு. அந்த வைரஸ் ஆர்.என்.ஏ. வகை என்பதால் சேதம் கூடுதலாகவே இருக்கும். 150 காரஇணைக்குள் அடங்கும் துண்டைத் தேர்ந்தெடுங்கள். புரோட்டினேஸ் கே என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியால் செரிக்கவைத்த பின் சூடாக்கிப் பிணைப்புகளைத் தளர்த்துங்கள். டான்சில் கட்டிகளில் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியும் (எதிர்ப்பொருளைக் கொண்டு வைரஸ் புரதத்தைத் திசுவிலேயே காட்டும் சாயமுறை) செய்து பார்க்கலாம்.

பதில் 2 (ஆய்வகப் பணியாளர், எலகங்கா):
கட்டிக்குக் கட்டி மைக்ரோடோம் (திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி) பிளேடை மாற்றி, இடையில் திசு இல்லாத பாரஃபின் கட்டி ஒன்றையும் வெட்டிச் சோதியுங்கள். ஒரு பன்றியின் சீவல் அடுத்ததில் ஒட்டிக்கொண்டால் பொய்யான நேர்மறை முடிவு வரும். வேறொரு வைரஸ் நோயான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் உறுதியானது 2020இல்தான் என்பதால், உங்கள் மாதிரிகளில் அதைத் தேடுவது இரண்டாம்பட்சம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. 130 காரஇணைத் துண்டுக்கு மாற்றியதில் இரண்டு டான்சில் கட்டிகள் நேர்மறையாக வந்தன. ஜாடித் திசுவில் வைரஸ் கிடைக்கவில்லை. ஆனால் பன்றியின் பீட்டா ஆக்டின் (திசுவின் தரத்தைச் சரிபார்க்கத் தேடும், பன்றியின் சொந்த மரபணு) கிடைத்ததால், அதை எதிர்மறை என்று கொள்ளலாமா?

பதில் 1:
உங்கள் ஆக்டின் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு துண்டு) எக்ஸான் இணைப்பின் மேல், அதாவது ஆர்.என்.ஏ.வில் மட்டுமே ஒன்றுசேரும் மரபணுப் பகுதிகளின் சந்திப்பில், அமைந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெருகியது பன்றியின் டி.என்.ஏ.வாக இருக்கலாம், ஆர்.என்.ஏ. பிழைத்திருப்பதற்கு அது சான்றாகாது. அதுவரை ஜாடித் திசுவை 'சோதிக்க இயலாதவை' என்றே பதியுங்கள்.