என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது?

படுவான்கரையான்:
வணக்கம். எனது ஊர் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயது 23. அப்பா வயல் செய்கிறார். அம்மப்பா எங்கள் பகுதி நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தில் அருச்சுனனாக ஆடியவர். கைத்தொலைபேசியில் தொடங்கி இதுவரை நான்கு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன். இப்போது ஒரு திரைப்படப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். பின்னணி, கலை ஈடுபாடு, சமூகத்துக்குச் செய்ய விரும்புவது ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் கேட்கிறார்கள். ‘போரால் சிதைந்த மண்ணின் குரல் நான்’ என்று தொடங்கியிருந்தேன். அதை வாசித்த நண்பன், தேர்தல் துண்டுப்பிரசுரம் போல இருப்பதாகச் சிரித்தான். உண்மையில் 2007இல் எங்களூர் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. உழவு இயந்திரப் பெட்டியில் அம்மாவின் மடியில் இருந்ததும், கோழிக்கூட்டைத் திறந்துவிடாமல் வந்துவிட்டோமே என்று அப்பம்மா வழிநெடுகப் புலம்பியதுமே நினைவில் இருக்கின்றன. எப்படி எழுதலாம்?

கல்லடிக்காரி:
தம்பி, நீங்கள் தேடும் முதல் வரி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தக் கோழிக்கூட்டை எழுதுங்கள். மண்ணின் குரலை அரசியல்வாதிகளிடமே விட்டுவிடலாம். எடுத்த நான்கு படங்களையும் அடுக்காமல், ஒன்றை மட்டும் எடுத்து, அதில் எது சரிவரவில்லை என்றும் சொல்லுங்கள்.

மத்தளம்:
கூத்துதான் உங்கள் ஈடுபாடு என்றால் அதைத் தொழில் தெரிந்தவராக எழுத வேண்டும். கூத்தாடும் வட்டமான களமான வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனம் இருக்கும். ஒரு மூலையில் கமராவை நிறுத்தினால் பாதி நேரம் ஆட்டக்காரரின் முதுகுதான் பதிவாகும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளமும், சல்லரி என்ற கைத்தாளமும் களரிக்குள்ளேயே ஒலிப்பதால், ஒலிவாங்கியைக் கண்ட இடத்தில் வைத்தால் பாட்டின் சொல் ஒன்றும் விளங்காது. அத்துடன், பலர் அரங்கேற்ற இரவை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆட்டக்காரருக்குப் பாத்திரம் பிரித்துப் பாட்டைக் கொடுக்கும் சட்டங்கொடுத்ததிலிருந்து, அரங்கேற்றத்துக்கு முன் காலில் சதங்கை அணியும் நாள்வரை, பகலெல்லாம் வயலில் நின்றவர் இரவில் வந்து தாளம் பிழைத்து ஏச்சு வாங்குகிறாரே, அதை எடுத்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் வீட்டில் கூத்துப் பாட்டு எழுதி வைத்திருந்த கொப்பி 1978 சூறாவளியில் கூரையோடு போனது. மிஞ்சியது பெரியப்பாவின் தொண்டையில் இருந்த அளவுதான்.

மண்டூர்ப் பாதை:
சமூக நோக்கம் என்ற பகுதியில் ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லைத் தயவுசெய்து தவிர்க்கவும். வெளியிலிருந்து வந்து எங்கள் கூத்தைப் பதிவுசெய்தவர்களின் படத்தை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. முதற் காட்சி கோயில் வீதியில்தான் என்றும், பதிவின் பிரதியொன்று அண்ணாவியார் வீட்டில் இருக்கும் என்றும், ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேராவது ஒலிப்பதிவு பழகுவார்கள் என்றும் எழுதுங்கள். செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள், ஏனென்றால் ஊர் கேட்கும்.

படுவான்கரையான்:
அனைவருக்கும் நன்றி. முதற் பந்தியை மாற்றிவிட்டேன். நேற்று அண்ணாவியாரிடமும் விடயத்தைச் சொன்னேன். வெள்ளி இரவு பழக்கத்துக்கு வரலாம், ஆனால் முதல் மூன்று கிழமைக்குக் கமரா வேண்டாம், சல்லரியைப் பிடி என்கிறார்.