ஓவனின் மேல் கொயிலில் மீன் சுடும்போது சோஸ் கருகுகிறது, நடு வேகவில்லை. என்ன பிழை?

உவர்மலை_வீடு எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு மேசை ஓவன் வாங்கினோம், 38 லீட்டர், மேலும் கீழும் கொயில் (சூடு தரும் கம்பி) உள்ளது. குழம்பு, சொதி, பொரியல் என்று மீனில் கை பழகியவள்தான். ஆனால் மேலிருந்து இறங்கும் சூட்டில் மீனைச் சுட்டுச் சோஸோடு பரிமாற நினைத்து இரண்டு தடவை முயன்றேன். இரண்டும் பிழைத்துவிட்டன.

முதல் தடவை அறுக்குளா, ஒன்றரை அங்குலத் தடிப்பில் வெட்டிய துண்டுகள். தேன், சோயா சோஸ், உள்ளி, பட்டர், தேசிப்புளி எல்லாம் கலந்து மூன்று மணித்தியாலம் ஊறவிட்டேன். மேல் கொயிலை மட்டும் போட்டு உச்சித் தட்டில் வைத்தேன். ஆறாவது நிமிடமே குசினி முழுக்கப் புகை. மேலே கரி. பிளந்து பார்த்தால் நடுவில் சதை இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது. தட்டில் அரைக் கோப்பைத் தண்ணீர் வேறு.

இரண்டாம் தடவை பயத்தில் இறாலைக் கீழ்த் தட்டில் வைத்து 15 நிமிடம் விட்டேன். நிறமே வரவில்லை, கடித்தால் றப்பர்.

வருகிற சனிக்கிழமை அண்ணா குடும்பத்தோடு வருகிறார், எட்டு வருடத்துக்குப் பிறகு. ஊர்க் கடல் மீனை நன்றாகச் சுட்டு வைக்க வேண்டும் என்று மனதில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருக்கடலூர்_மகள்:

தங்கச்சி, அறுக்குளா அன்றைக்கு வாங்கியதா, ஃப்ரீசரில் இருந்ததா? கொயிலுக்கும் மீனுக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி விட்டீர்கள்? ஓவனை முதலே சூடாக்கினீர்களா?

உவர்மலை_வீடு:

மார்கழி மழையில் கடல் கொந்தளிப்பு அக்கா, அதனால் முதலே வாங்கி ஃப்ரீசரில் வைத்த மீன். காலையில் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். இடைவெளி இரண்டு விரல்தான் இருக்கும். முதலே சூடாக்கவில்லை. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன், தட்டில் பேக்கிங் பேப்பர் விரித்திருந்தேன், அதன் ஓரமும் பழுப்பாகிவிட்டது.

நிலாவெளி_கிரில்:

தங்கச்சி, நான் விடுதிக் குசினியில் பதினொரு வருடம் கிரிலில் நின்றவன். உங்கள் கை பிழையில்லை, வரிசைதான் பிழை.

முதலில் ஈரம். மீனின் மேலே தண்ணீர் நிற்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 பாகையைத் தாண்டாது. சுட்ட நிறமும் மணமும் வர 140 பாகைக்கு மேல் போக வேண்டும். உங்கள் துண்டு நடுவில் இன்னும் உறைந்தே இருந்திருக்கும். அது உருகி வடிந்ததுதான் தட்டில் நின்ற தண்ணீர். வெள்ளி இரவே ஃப்ரீசரில் இருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். சுடுவதற்கு முன் டிசுவால் ஒற்றுங்கள், டிசு நனையாமல் வரும்வரை ஒற்றுங்கள். விரலால் தொட்டால் தோல் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருக்கும், அதுதான் பதம்.

தேசிப்புளியில் மூன்று மணித்தியாலம் வேண்டவே வேண்டாம். புளி சதையை அடுப்பில்லாமலே வெள்ளையாக்கி இறுக்கிவிடும், தண்ணீரும் விடும். 15 நிமிடம் போதும். உப்பு, மிளகு, மஞ்சள், ஒரு கரண்டி எண்ணெய், அவ்வளவோடு மீனை உள்ளே அனுப்புங்கள்.

சோஸ் கருகியதற்குத் தேன்தான் முதல் காரணம். தேனில் உள்ள பழச்சீனி சாதாரண சீனியை விடக் குறைந்த சூட்டிலேயே கறுக்கும். பொடியாக அரிந்த உள்ளியும், பட்டரில் உள்ள பால் துகளும் அப்படித்தான். அதனால் இனிப்புள்ள சோஸை முதலில் பூசாதீர்கள். மீன் முக்கால் பங்கு வெந்த பிறகு, கடைசி இரண்டு நிமிடத்தில் மெல்லிசாகப் பூசி, குமிழி வந்ததும் வெளியே எடுங்கள். அந்த இரண்டு நிமிடமும் ஓவன் கதவின் கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள், தொலைபேசி வந்தால் எடுக்க வேண்டாம்.

இடைவெளி: ஒன்றரை அங்குலத் துண்டுக்கு ஆறு அங்குலம், இறாலுக்கு மூன்று நான்கு அங்குலம். மேல் கொயிலைப் பத்து நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். நேரம், ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய 10 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்ப வேண்டும். கரண்டி முனையால் மெதுவாகத் தள்ளினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 63 பாகை.

சில ஓவன்களில் உள்சூடு கூடியதும் கொயில் தானாக அணைந்துவிடும், அப்போது சுடுவது நின்று அவிவது தொடங்கும். அதனால்தான் சிலவற்றில் கதவை ஒரு விரல் திறந்து வைக்கச் சொல்வார்கள். மூடியே வைக்கச் சொல்கிறவையும் உண்டு, உங்கள் கையேட்டைப் பாருங்கள். பேக்கிங் பேப்பர் இந்தச் சூட்டுக்குத் தாங்காது, தீப்பிடிக்கும். கண்ணாடிப் பாத்திரமும் வெடிக்கலாம். தட்டின் மேல் கம்பித்தட்டை வைத்து அதில் மீனை அடுக்குங்கள், வடிவது கீழே போகும்.

கொட்டியாரக்கரை_ராத்தா:

இறாலை நான் சொல்கிறேன் தங்கச்சி. எங்கள் கிண்ணியாப் பக்கத்து இறால் பெரிதாகக் கிடைத்தால் ஓட்டைக் கழற்ற வேண்டாம். முதுகைக் கத்தரிக்கோலால் கீறி, கறுப்பு நரம்பை எடுத்து, சதையைப் புத்தகம் மாதிரி விரித்து, ஓட்டுப் பக்கம் கீழே இருக்க அடுக்குங்கள். ஓடு சாறைப் பிடித்துக் கொள்ளும். நான்கு ஐந்து நிமிடம் போதும். வெட்டாமல் முழுதாகச் சுடுகிறவர்களுக்கு ஒரு அடையாளம்: பிறை மாதிரி வளைந்ததும் எடுத்துவிட வேண்டும், மோதிரம் மாதிரிச் சுருண்டால் கூடிப்போய்விட்டது.

சோஸுக்கு எட்டுச் செத்தல் மிளகாயை வெந்நீரில் ஊறவிட்டு, ஆறு பல்லு உள்ளி, விரல் நுனி அளவு இஞ்சியோடு அரையுங்கள். தாச்சியில் எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை போட்டு, அரைத்ததைப் பச்சை வாசம் போக வதக்கி, தேசிக்காய் அளவு பழப்புளியின் கரைசலும் ஒரு துண்டு பனங்கட்டியும் சேர்த்துச் சுண்டவிடுங்கள். கரண்டியில் இருந்து சொட்டாமல் வழுகி விழுந்தால் சரி. பாதியைக் கடைசி நிமிடத்தில் பூசவும், பாதியை மேசைக்கும் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு உறைப்பு வேண்டாம் என்றால் தேங்காய் முதற்பாலில் ரம்பை, சேரை (எலுமிச்சைப் புல்), கொஞ்சம் மஞ்சள் போட்டுச் சிறு நெருப்பில் சூடாக்குங்கள். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். இறக்கிய பிறகு தேசிப்புளி. இதை ஓவனுக்குள் காட்டவே வேண்டாம், பரிமாறும்போது மேலே விடுங்கள்.

திருக்கடலூர்_மகள்:

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பச்சை மீன் ஊறிய கலவையை வெந்த மீனின் மேல் பூசக்கூடாது, பூசுவதற்கு வேண்டியதை மீனை ஊறவிட முதலே தனியாக எடுத்து வைக்க வேண்டும். அறுக்குளா கிடைக்காமல் சூரை வாங்கினால் ஐஸில் இருந்த மீனாகப் பாருங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும், சுட்டாலும் பொரித்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும்.

உவர்மலை_வீடு:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. இன்று வியாழன், இரண்டு துண்டு விளைமீனில் பார்த்தேன். புகையே இல்லை! ஓரம் மட்டும் பொன்னிறம், சதை இதழாகக் கழன்றது. ஆனால் திருப்பும்போது தோல் கம்பியோடு போய்விட்டது. இன்னொரு கேள்வி, பத்துப் பேருக்கு ஒரே தடவையில் வைக்கலாமா?

நிலாவெளி_கிரில்:

கம்பித்தட்டும் ஓவனோடு சேர்ந்து சூடாக வேண்டும். சூடான கம்பியில் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மீனை வையுங்கள், பிறகு ஒட்டாது. திருப்பப் போகும்போது இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், சுட்ட தோல் தானாகவே விடும்.

பத்துப் பேருக்கு ஒரே தடவை வேண்டாம். நெருக்கி அடுக்கினால் ஆவி போக இடமில்லாமல் மறுபடி அவியும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் விட்டு, இரண்டு தடவையாக வையுங்கள். மீன் முதல், இறால் கடைசி, இறால் ஆறினால் இறுகும்.

உவர்மலை_வீடு:

ஞாயிறு காலை எழுதுகிறேன். மீன் இரண்டு தடவையாகச் சுட்டேன், இறாலை எல்லோரும் மேசையில் இருந்த பிறகே உள்ளே வைத்தேன். பிள்ளைகள் பால் சோஸை விடவில்லை. ராத்தா, உங்கள் பழப்புளிச் சோஸில் தாச்சியில் ஒட்டியிருந்ததை அண்ணா பாண் துண்டால் வழித்துச் சாப்பிட்டார்.