அனீலிங்: ஆற்றலா, வாட்டலா?

> 'பதனாற்றல்' எல்லாத் துறைக்கும் பொருந்துமே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம். அனீலிங் (annealing), அதாவது உலோகம் போன்றவற்றைச் சூடேற்றி இறுக்கத்தைத் தளர்த்தும் முறைக்குத் தமிழில் 'பதனாற்றல்' என்கிறீர்கள். 'ஆற்றல்' என்றதும் மாணவர் எனர்ஜி என்றுதான் படிப்பார். 'பதனாற்றல் வரைபடம்' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், அந்தச் சொல் குறிக்கும் மெல்ல ஆற்றுவது, அதாவது குளிரவிடுவது, எல்லா அனீலிங்குக்கும் பொதுவே அல்ல. 0.4 விழுக்காடு கரிமம் உள்ள எஃகை ஏறத்தாழ 840 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சூட்டிலேயே வைத்திருந்து, பிறகு உலைக்குள்ளேயே ஆறவிடுவார்கள். அங்கே ஆற்றுவதுதான் முக்கியம். வெளியே எடுத்துக் காற்றில் விட்டால் அது நார்மலைசிங், தண்ணீரில் முக்கினால் தோய்ச்சல். செம்பு அப்படியில்லை. இழுத்து இழுத்து இறுகிப்போன செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உடனே தண்ணீரில் போட்டாலும் மென்மையாகத்தான் இருக்கும். புதுப் படிகங்கள் சூட்டிலேயே பிறந்துவிடுகின்றன. மின்னணுச் சில்லுக்கான சிலிக்கானில் ஆற விடவே நேரமில்லை: அயனிகளைச் செலுத்தியபின் 1000 டிகிரியை ஒட்டிச் சில நொடிகள்தான். நேரம் கூடினால் செலுத்திய மாசணுக்கள் பரவி, இருவகைச் சிலிக்கான் கூடும் எல்லையான சந்தி ஆழமாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு 'வாட்டல்'. வாழையிலையைத் தணலில் வாட்டினால் கிழியாமல் மடியும்; உலோகத்திலும் இதே பயன்தான்.

டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரில் வரும் அனீலிங்கை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். 95 டிகிரியில் பிரிந்த டி.என்.ஏ. இழையோடு பிரைமர் என்ற சிறு தொடக்க இழை போய்ச் சேர்வது 50 முதல் 65 டிகிரிக்குள், அதாவது சூடு இறங்கும்போது. வெப்பநிலை குறைவாக வைத்தால் கண்ட இடத்தில் ஒட்டி, விளைவைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் வேண்டாத பட்டைகள் வரும். கூடினால் பட்டையே வராது. அதற்கு 'ஒட்டல்' என்று தனிச்சொல் போதும்.

---

> என் முன்மொழிவு 'வாட்டல்'

'வாட்டல்' சரி. ஆனால் யாரும் சுருக்கி 'வாட்டுலை' ஆக்கிவிட வேண்டாம். '500 வாட்டுலை' என்றால் மின்திறனா உலையா? 'வாட்டல் உலை' என்றே இருக்கட்டும். 'பத' என்ற முன்னொட்டும் வேண்டாம். தோய்ச்சலுக்குப் பின் மறுபடி மிதமாகச் சூடேற்றி நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறோமே, டெம்பரிங், 'பதம்' அதற்குத் தேவைப்படும்.

கண்ணாடிக்கு இடிக்குமோ என்று பார்த்தேன். அங்கே படிகமே கிடையாது, உள்தகைவு (உள்ளே தங்கிய இறுக்கம்) தளர்வதுதான் வேலை. சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு 550 டிகிரி அளவில் வைத்து மெல்ல இறக்குவார்கள். சூட்டில் தளர்த்துவது என்ற பொருளில் வாட்டல் அதற்கும் தாங்கும்.

1983இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் வெளியிட்ட, சிறந்த விடையைத் தேடும் 'சிமுலேட்டட் அனீலிங்' என்ற கணிப்பு முறைக்குத்தான் கொஞ்சம் இழுபறி. அதில் 'வெப்பநிலை' வெறும் எண். உயர்ந்திருக்கையில் மோசமான விடையையும் அடிக்கடி ஏற்கும், படிப்படியாக 0.95ஆல் பெருக்கிக் குறைத்தால் ஏற்பது அருகும். அவசரப்பட்டு 0.5ஆல் பெருக்கினால் பக்கத்துப் பள்ளத்திலேயே, அதாவது அருகில் கிடைத்த சுமாரான விடையிலேயே, சிக்கி நின்றுவிடும். இங்கே குளிர்விக்கும் வேகம்தான் எல்லாம் என்பதால், 'பாவனை வாட்டல்' என்று பெயரிட்டு, வெப்பநிலையைக் குறைக்கும் அட்டவணையைக் 'குளிர்விப்பு நிரல்' எனத் தனியே சொல்லலாம்.

'ஒட்டல்' பற்றி ஒரு தயக்கம்: லிகேசு நொதி இழை முனைகளை இணைப்பதையும் மாணவர்கள் அப்படியே சொல்கிறார்கள். 'இழைசேர்தல்' எப்படி?