ஜன்னலுக்கு நானோஃபைபர் வலை போட்டால் வைரஸ் வராதா? டியூஷன் சென்டருக்குக் கேட்கிறேன்

மேலப்பாளையம் மாடி வாத்தியார்:
மாடியில் ஒரே ஹால், 20க்கு 15 அடி, உயரம் 10. சாயங்கால பேட்சில் 35 பிள்ளைகள். ஏசி போட்டதிலிருந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. ஐப்பசி மழை ஆரம்பித்தால் போதும், ஒருத்தன் இருமுவான், அடுத்த வாரம் பாதி பெஞ்சு காலி, அதற்கடுத்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிடும். போன வாரம் ஒரு ஆள் வந்து, ஜன்னலுக்கு நானோஃபைபர் வலை அடித்துத் தருகிறேன், 99.9 சதவீதம் வைரஸும் பாக்டீரியாவும் உள்ளே வராது, சதுர அடி 220 ரூபாய் என்கிறார். அதையே ஏசிக்குள்ளும் ஒட்டலாமாம். வாங்கிப் பார்த்தேன், கொசுவலையில் பாலாடை படிந்த மாதிரி இருக்கிறது. இதில் சரக்கு இருக்கிறதா, பெயர்தான் பெரிசா?

அம்பை நூல்காரன்:
சார், சரக்கு இருக்கிறது. டெக்ஸ்டைல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் வகைப் பொருளைக் கரைத்து ஊசி வழியாக விட்டு, பத்து இருபது கிலோவோல்ட் கொடுத்தால், கரைசல் இழையாக நீண்டு காய்ந்து எதிரே இருக்கிற உருளையில் படியும். கிட்டத்தட்ட பஞ்சு மிட்டாய்தான், சுழற்றுவதற்குப் பதில் மின்சாரம் இழுக்கிறது. இழையின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 500 நானோமீட்டர், தலைமுடி 70,000 பக்கம் வரும். பத்தமடைப் பாய் மாதிரி ஒழுங்காகப் பின்னியது கிடையாது, தாறுமாறாக விழுந்து கிடக்கும்.

இதைச் சல்லடை என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். இல்லை. இடைவெளிகள் பல இடத்தில் வைரஸைவிடப் பெரிசு. நம் ஆனித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய துகள் தேர் மாதிரி, காற்று வளைகிற இடத்தில் சட்டென்று திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதும். ரொம்பச் சின்னது கூட்டத்தில் மாட்டிய பொடியன் மாதிரி, அங்கே இங்கே இடிபட்டு எதிலாவது ஒட்டிக்கொள்ளும். தப்பிக்கிறது இரண்டுக்கும் நடுவில் உள்ளது, 0.3 மைக்ரான், அதாவது 300 நானோமீட்டர் வாக்கில். அதனால்தான் என்95 மாஸ்க்கை அந்த அளவில் சோதிக்கிறார்கள். கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர்தான், ஆனால் அது தனியாகப் பறப்பதில்லை, எச்சில் துளியோடுதான் வரும்.

சாதாரண மாஸ்க்கின் நடு அடுக்கு பாதி வேலையை நிலைமின்சாரத்தை வைத்துத்தான் செய்கிறது, சானிடைசரில் நனைத்தால் அது போய்விடும். நானோ இழை மெல்லிசாக இருப்பதாலேயே பிடிக்கிறது, மூச்சுக்கும் அவ்வளவு தடை இல்லை. இதெல்லாம் நிஜம்.

ஆனால் உங்கள் கிருமி ஜன்னல் வழியாகவா வருகிறது? அது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறது. வலை அடித்தால் உள்ளே இருக்கிற அழுக்குக் காற்று வெளியே போகிற வழியும் குறுகிவிடும். ரோட்டுப் புழுதிக்கு என்றால் போடலாம், இருமலுக்கு 220 ரூபாய் வீண். அந்த ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: 99.9 என்பது எந்த அளவு துகளுக்கு, காற்று என்ன வேகத்தில் போகும்போது, அப்போது அழுத்தம் எவ்வளவு குறைகிறது, அதாவது வலை காற்றை எவ்வளவு தடுக்கிறது.

வண்ணார்பேட்டை ஏசி மெக்கானிக்:
அண்ணாச்சி, ஏசிக்குள் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். ஸ்ப்ளிட் ஏசி ஃபேனுக்கு அவ்வளவு தம் கிடையாது. காற்று குறைந்தால் காயிலில் ஐஸ் கட்டும், தண்ணீர் சொட்டும், அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். போன மாதம் இதே மாதிரி இரண்டு வீட்டில் பிய்த்து எடுத்தேன். இன்னொன்று, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை இழுப்பதில்லை, உள்ளே இருக்கிறதையேதான் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. இது தெரியாமல்தான் பாதி ஜனம் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பாளை நர்ஸ்:
நூல்காரத் தம்பி சொன்னது சரி. ஆனால் நானோ இழையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், அறைக்குள் சுற்றுகிற காற்றை இழுத்து வடிகட்டுகிற மெஷினில் இருந்தால் பிரயோஜனம். கணக்கு இதுதான். உங்கள் ஹால் 3,000 கன அடி, அதாவது சுமார் 85 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவையாவது காற்று சுத்தமாக வேண்டும் என்றால் மணிக்கு 425 கன மீட்டர் தள்ளுகிற மெஷின் வேண்டும். படுக்கையறைக்கு விற்கிற குட்டி டப்பா காணாது. அதற்கு முன்னால் எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து, ஒன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். டிபி வார்டிலும் முதலில் பார்ப்பது ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதைத்தான்.

அப்புறம், வடிகட்டியில் மாட்டிய கிருமி உடனே செத்துப்போகாது. வெள்ளி, செம்பு கலந்த இழை கொல்லும் என்பார்கள், மேலே புழுதி படிந்த பிறகு கிருமி எங்கே வெள்ளியைத் தொடுகிறது? பழையதைக் கழற்றும்போது மாஸ்க் போட்டு, தட்டாமல் பையில் போட்டுக் கட்டுங்கள். எந்தப் பிள்ளைக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் டிபிக்கான சளிப் பரிசோதனை இலவசம்.

மேலப்பாளையம் மாடி வாத்தியார்:
அக்கா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. மூன்று கேள்வியையும் அப்படியே அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது. நேற்று இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைத்துப் பாடம் எடுத்தேன், பஸ் ஹாரன் சத்தத்தில் திருக்குறளை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு கதை. மெக்கானிக் அண்ணாச்சி, 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அளவு எடுக்க முடியுமா?

வண்ணார்பேட்டை ஏசி மெக்கானிக்:
வாரேன். பத்து மணிக்கு மேல.